உடு, நான் பாத்துக்கறேன்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் போன வருஷம் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆண்டு மலரில் போடுவதற்காம். பெயர், சொந்த ஊர், பிடித்த சாப்பாடு, பொழுதுபோக்கு. கணக்கு டீச்சர் தஞ்சாவூர் ஓவியம் என்று எழுதினார். நூலகத்தில் இருப்பவர் மீன் வளர்ப்பு என்று எழுதினார். நான் 'குழாய் ரிப்பேர்' என்று எழுதிக் கொடுத்தேன். "மேடம், சீரியஸா எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சீரியஸாகத்தான் எழுதியிருந்தேன். எதற்கு வம்பு என்று அதை அடித்துவிட்டு 'பாட்டுக் கேட்பது' என்று எழுதினேன். நான் பாட்டுக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

குழாய், காஸ் அடுப்பு, ஃபேன், குக்கர், மிக்ஸி. இவ்வளவும் இன்று எனக்குக் கைவந்த கலை. மூன்று வருஷத்துக்கு முன் பல்பு மாட்டக்கூடத் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள விட்டதில்லை என்பதுதான் சரி. விடாதவர் என் கணவர்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டர். அயனம்பாக்கத்துக்காரர். ஏரியை ஒட்டி அவர்கள் குடும்பம் பயிர் வைத்த நிலமெல்லாம் அவர் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வீட்டு மனைகளாகிவிட்டது. நான் திண்டுக்கல் பக்கம். கல்யாணமாகி முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த புதிதில் அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஊடு என்றால் வீடு, உடு என்றால் விடு. "ஒன்னை ஊட்டாண்ட உட்டுட்டு வேலைக்குப் போறேன்" என்பார். இதில் எது ஊடு, எது உடு என்று நான் முழிப்பேன். "இன்னாமே, தமிழ்தானே பேசிகினு கீறேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சில நாள் புரிந்தும் புரியாத மாதிரி நின்றிருக்கிறேன்.

வீட்டில் எது கெட்டுப்போனாலும் அவர் சொல்வது ஒரே வாக்கியம். "உடு, நான் பாத்துக்கறேன்." குழாய் ஒழுகினாலும் அதுதான், மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் நாங்கள் அலைந்தபோதும் அதுதான். எங்கப்பா போய்விட்டார் என்று தகவல் வந்து நான் பித்துப் பிடித்தவள்போல் நின்றேனே, அன்றைக்கும் அதையேதான் சொன்னார். சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மனுஷன் வாய் வார்த்தைக்குச் சொல்கிறவர் இல்லை.

ஆனால் எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே சில நாள் பற்றிக்கொண்டு வரும். என்றைக்காவது நான் திருப்புளியைக் கையில் எடுத்தால், குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவது மாதிரி பிடுங்கிக்கொள்வார். "ஏன், எனக்கெல்லாம் கை இல்லையா?" என்று கேட்டால், "கீதே. பூ கட்டேன்" என்பார். கொழுப்பு. எங்கள் பிளாக்கில் எட்டு வீட்டுக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணாத்தே கை வைத்தால் ஓடாததும் ஓடும், நல்ல கைராசி என்பார்கள். அவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சைத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டார். வாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயின. நாலைந்து மாதத்தில் கால் கொஞ்சம் வந்தது, இழுத்து இழுத்து நடந்தார். பேச்சில் ஒரே ஒரு சொல் வந்தது.

உடு.

தண்ணீர் வேண்டுமா என்றால் உடு. மகள் போனில் அழுதால் உடு. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்றார் டாக்டர். ஒருத்தருக்குச் சாமி பெயர் நின்றதாம். இன்னொருத்தருக்குக் கெட்ட வார்த்தையாம். "உங்களுக்குப் பரவாயில்லம்மா" என்று தமாஷ் பண்ணினார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அழுதால் அவர் பார்ப்பாரே.

கைக்கு மருந்து மாத்திரையெல்லாம் பெரிசாக ஒன்றும் இல்லை. வாரம் ஒரு முறை பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வருவாள். சின்ன வயசு, கண்டிப்பு ஜாஸ்தி. "கைக்கு வேலை குடுங்கம்மா. பந்து அமுக்கச் சொல்லுங்க, பட்டாணி உரிக்கச் சொல்லுங்க, அவருக்குப் புடிச்சது எதுனா குடுங்க. சும்மா வச்சா கை மறந்துடும். முதல் ஒரு வருஷம்தான் நமக்கு நேரம்" என்றாள். அந்தக் கை திரும்பினால் அவர் திரும்புவார் என்பது எனக்குத் தெரியும். கம்பெனிக்குப் போகாவிட்டாலும் போகிறது, அந்தப் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் போதும். அவருக்கு வேறு எதிலும் உயிர் இல்லை.

பந்து வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக எறிந்தார். அது கீழ்வீட்டு மாவுக்கடைக்காரம்மாவின் மாவு வாளியில் போய் விழுந்தது. பட்டாணி கொடுத்தேன், தட்டோடு தள்ளிவிட்டார். "உடு." எங்கள் ஊரில் 'விடு' என்று ஒருத்தர் ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போகட்டும், எதுக்கு இந்தப் பாடு, எனக்கு வெறுத்துப்போச்சு. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. முகப்பேரில் போர் தண்ணீர் வெறும் உப்பு. வாஷரைத் தின்றுவிடும். பிளம்பருக்குப் போன் பண்ணினால் "வந்துகினே கீறேன்மா" என்று மூன்று நாள் வந்துகொண்டே இருந்தான். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பச்சைப் பெட்டியை இறக்கினேன். கட்டிலில் இருந்தபடி அவர் பார்த்தார். இடது கையைப் பெட்டியைப் பார்த்து நீட்டினார்.

"உடு" என்றார்.

"கஷ்டமில்லங்க. நானே பாத்துக்கறேன்" என்றேன்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். வால்வை மூட வேண்டும் என்று வீடியோவில் சொன்னவன் கடைசியில் சொன்னான், பாவி. அதற்குள் குழாயின் தலையைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் கூரைக்கு அடித்தது. அரிசி மூட்டை நனைந்தது. அன்று பூரா அந்த ஒரு வாஷருக்கே போனது, விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். ஆனால் சாயங்காலம் குழாயை மூடியபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் அன்றுதான் ஏதோ என்னுடையது என்று ஒன்று கிடைத்தது. பொய் சொல்வானேன், அவர் விழுந்த நாளிலிருந்து அன்றுதான் நான் சந்தோஷமாக இருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் பண்ணி அந்த அமைதியைக் கேட்கச் சொன்னேன். "என்னம்மா, ஒண்ணும் கேக்கலையே" என்றாள். "அதாண்டி" என்றேன்.

அப்புறம் விட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஏதாவது ஒன்று கழற்ற வேண்டும். அடுப்பு பர்னரை ஊறவைத்து ஓட்டைகளின் அடைப்பை ஊசியால் குத்தி எடுத்தேன், தீ நீலமாக எரிந்தது. ஹாலில் ஃபேன் ஆமைபோலச் சுற்றியது, கண்டென்சர் போயிருக்கும் என்று நானே கண்டுபிடித்து அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடைக்குப் போனேன். "ஊட்ல ஆம்பள இல்லியாம்மா?" என்றார் கடைக்காரர். "இருக்காரு. நீங்க கண்டென்சரைக் குடுங்க" என்றேன். ஷேர் ஆட்டோவில் அந்தச் சின்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது நகை வாங்கி வருகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு முறையும் அவர் "உடு" என்பார். "நானே பாத்துக்கறேன்" என்பேன். பெட்டியைத் திறந்தால் எழுந்து காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். கையை நீட்டுவார். மூடி வை என்கிறார் என்று நினைத்தேன். ஆணி கீணி குத்திவிடப் போகிறதே என்று பெட்டியை எட்டாமல் தள்ளிவைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

கீழ்வீட்டு மாவுக்கடைக்காரம்மாவின் அடுப்பையும் சரி பண்ணிக் கொடுத்தேன். நல்ல மனுஷி. நான் வேலைக்குப் போனபின் பதினோரு மணிக்கு மேலே ஏறி வந்து அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் போவது அவள்தான். எங்கள் ஹாலில் நின்றுகொண்டு, "அக்கா, ஒனக்கு இன்னா கைராசிக்கா! அண்ணாத்தே கைராசி அப்டியே ஒன்னாண்ட வந்துட்ச்சி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நாலடி தூரத்தில் நாற்காலியில் இருந்தார். திரும்பிப் பார்த்தேனா என்றால், இல்லை.

மிக்ஸி படுத்தது அதற்குப் பிறகு. பொறி பறந்து, கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. மகள் உடனே புதுசு ஒன்று வாங்கி அனுப்பிவிட்டாள். அதோடு பழசை எடைக்குப் போட்டிருக்கலாம். எனக்கா மனசு கேட்கும்? கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைக் கழற்றப் பார்த்தேன். நாலு ஸ்குரூவில் இரண்டு வந்தது. மற்ற இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. தொங்கிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மோட்டாருக்குள் போட வேண்டிய கார்பன் பிரஷ் என்கிற கரித்துண்டும் பழைய மாடல், கடையில் இல்லை, சொல்லிவைக்கிறேன் என்றார்கள். எண்ணெய் விட்டு, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் திருப்புளியோடு அப்படியே ஒதுக்கி வைத்தேன். இரண்டு மாதம் அதை மறந்துபோனேன்.

அந்த இரண்டு மாதத்தில் நடந்தது இரண்டு விஷயம். ஒன்று, பிசியோதெரபிப் பெண் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லியே, பிடி வந்திருக்கே! என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "பந்துதான்" என்றேன் பெருமையாக. பந்து மாவு வாளிக்குப் போனது எனக்கு ஞாபகமே வரவில்லை. இன்னொன்று, வேலை முடிந்து வந்தால் சில நாள் அவர் வலது கை விரல்களில் கருப்பாக ஏதோ அப்பியிருக்கும். "எங்க போய் இந்தக் கரியைப் பூசிக்கிட்டீங்க? குழந்தை மாதிரி" என்று கத்திக்கொண்டே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவேன். அவர் கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரஷ் வந்துவிட்டதென்று கடையிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மிக்ஸியை இழுத்து வைத்தால் நாலு ஸ்குரூவும் கழன்று ஒரு தயிர்க் கிண்ணத்தில் கிடந்தன. அடிப்பலகை தனியாக இருந்தது. உள்ளே மோட்டார் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு கணம் யோசித்தேன். எண்ணெயில் இளகியிருக்கும், நான்தான் ஏதோ அவசரத்தில் கழற்றி வைத்திருப்பேன் என்று முடிவு பண்ணினேன். ஒரே ஒரு கணம்தான் யோசித்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பிரஷைச் சொருகிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். வேகமாக வந்தார், விழுந்துவிடப் போகிறாரே என்று பயந்தேன். "உடு!" என்றார். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து அதற்கு முன் வந்ததில்லை. "உடு, உடு, உடு!" வலது கையைத் தூக்கித் திருப்புளியைப் பிடிக்கப் பார்த்தார். மின்சாரம் என்று பயப்படுகிறார்போல என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாதுங்க. பிளக் போடலை. ரெண்டு நிமிஷம். நானே பாத்துக்கறேன்" என்றேன். மூடினேன், முடுக்கினேன், பிளக்கைப் போட்டேன். மிக்ஸி உறுமிக்கொண்டு ஓடியது. "பாத்தீங்களா!" என்று திரும்பினால் அவர் அங்கே இல்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்துவரவில்லை.

மறுநாள் படிக்கட்டில் மாவுக்கடைக்காரம்மா என்னை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, அண்ணாத்தே மிக்ஸிய முட்ச்சிட்ச்சா? இன்னிக்கு டீ குடுக்கப் போனா சும்மா பட்த்துகினு கீது."

"எந்த மிக்ஸி?"

"அய்ய, ஒனக்குத் தெர்யாதா? டெய்லி பதினோரு மணிக்கு நான் போனா அந்த மிக்ஸியாண்டதான் மல்லுக்கட்டிகினு ஒக்காந்துகினு இருக்கும். சோத்தாங்கையாலயேக்கா! இந்தக் கையால அந்தக் கையப் புட்ச்சிகினு திருப்பும். துருப்புட்ச்ச ஸ்குரூ ஒண்ணு கயண்ட அன்னிக்கு எனக்குக் காட்டி சிரிச்சுது பாரு. ஒன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு வாயில வெரல வச்சி காமிச்சுது. ஓடவச்சி ஒனக்குக் காட்டணும்னு இருந்திருக்கும்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் கீரைக் கட்டு. எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. என் இரண்டு கையும் சேர்ந்து அசைக்க முடியாத ஸ்குரூக்கள் அவை. அந்தக் கரி கார்பன் தூள். அதைத்தான் நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அப்புறம்தான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. அவர் வெறுத்துப்போய்ச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பின்பாதி வாயில் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அவர் ஊரில் அங்கேதான் பேச்சு ஆரம்பம். உடு என்று அவர் சொல்ல, நானே பாத்துக்கறேன் என்று மிச்சத்தை நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவருடைய வாக்கியத்தை அவர் வாயிலிருந்தே பிடுங்கி, ஐந்து மாதம்.

மறுநாள் விடிகாலை எழுந்து மிக்ஸியைத் திரும்பக் கழற்றினேன். பிரஷை எடுத்தேன், ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் போட்டேன், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பழையபடி வைத்தேன். ஃபிட்டரை ஏமாற்ற முடியுமா? அவர் ஒரு தரம் போய்ப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அதைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லும் நின்றுபோனது. டீ வேண்டுமா என்றால் தலையாட்டல். மகள் போனில் பேசினால் தலையாட்டல்.

கை மறுபடி இறுக ஆரம்பித்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கின. பிசியோதெரபிப் பெண் விரித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல நல்லா வந்துதேம்மா, என்ன ஆச்சு?" என்றாள். ஒரு வருஷம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு நாள் அவர் தூங்கும்போது சமையலறைக் குழாயைக் கழற்றி, நல்ல வாஷரை பிளேடால் கீறி மாட்டினேன். ஒழுக ஆரம்பித்தது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்காது. மூன்றாம் நாள் பச்சைப் பெட்டியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, "என்னங்க, குழாய் ஒழுகுது. எனக்கு வரமாட்டேங்குது. நீங்க பாத்துக்குங்க" என்றேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. குழாய் ஒரு வாரம் ஒழுகியது. வாளியை மாற்றி மாற்றி வைத்தேன். மகள் போனில், "அம்மா, அது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

எட்டாம் நாள் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் தகரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இடது கையால் பச்சைப் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருகிறார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குழாயை விட்டு விலகி நின்று வழிவிட்டேன். வலது கை வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. அவர் குழாய்ப் பக்கம் போகவில்லை. பெட்டியை என் காலடியில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"உடு."

இந்த முறை எனக்குச் சரியாகப் புரிந்தது. நான் இத்தனை நாள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தேனோ, அந்த அர்த்தத்தில்தான் அவர் அன்று முதன்முதலாகச் சொன்னார்.

அவர் ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்காரும்வரை நின்றேன். பிறகு வால்வை மூடினேன், பெட்டியைத் திறந்தேன். வாஷர் மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.